மேனேஜர் நம்பர் வந்தாலே வயிறு கலங்குது: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் நல அலுவலராக 22 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மேலதிகாரிகளால் வரும் மன உளைச்சல் பற்றி நம் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

சேதராப்பட்டு, பேக்கிங் பிரிவு: சார், வேலை பாரமில்லை. மேனேஜர் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் "காலையில வந்து பாருங்க" என்று மட்டும் போடுவார். எதுக்குன்னு சொல்ல மாட்டார். விடிய விடிய தூக்கம் வராது. எனக்குத்தான் மனசு திடம் இல்லையா?

அப்படி இல்லை தம்பி. நானே அந்தத் தப்பைச் செய்தவன். ஒருமுறை பாய்லர் ஆபரேட்டர் ஒருவரை "நாளைக்கு என் ரூமுக்கு வரச் சொல்லு" என்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். விஷயம், தொழிலாளர் நல வாரியத்தில் அவர் மகளுக்குக் கிடைக்கும் கல்வி உதவித்தொகை. மறுநாள் வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். படிவத்தை நீட்டினேன், கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டு தடவை நழுவியது. "வேலை போச்சுன்னு நெனச்சேன் சார், ராத்திரி வீட்ல உலையே வைக்கல" என்றார். அன்றிலிருந்து யாரைக் கூப்பிட்டாலும் காரணத்தையும் சேர்த்தே சொல்லி அனுப்புவேன்.

ஆளைத் தின்பது வேலையின் அளவு மட்டுமல்ல, அடுத்து என்ன வரும் என்று தெரியாததும், அதில் நம் பேச்சு எடுபடாததும்தான். லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்த இரண்டாம் வைட்ஹால் ஆய்வில், தன் வேலையைத் தானே தீர்மானிக்க முடியாதவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது தெரிந்தது. அடுத்த தடவை அந்த மெசேஜ் வந்ததும் "சரிங்க சார், எதைப் பத்தி? ரிஜிஸ்டர் ஏதாவது எடுத்து வரணுமா?" என்று கேளுங்கள். வேலைக் கேள்விதானே, யாரும் கோபப்பட முடியாது. பல மேனேஜர்களுக்குத் தாங்கள் செய்வது என்னவென்றே தெரியாது.

கடலூர், துணிக்கடை: ஆள் இல்லாத நேரத்திலும் ஸ்டூலில் உட்கார்ந்தால் முதலாளி கேமராவில் பார்த்துவிட்டு போன் செய்கிறார், ஐயா.

கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாடு சட்டத்தைத் திருத்திவிட்டது அம்மா. ஸ்டூலைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைப்பது எந்த ஊர் நியாயம்? தனியாகப் போகாதீர்கள். நாலு பேர் சேர்ந்து, வியாபாரம் நன்றாக நடந்த நாளின் சாயங்காலம் பேசுங்கள். மசியவில்லை என்றால் தொழிலாளர் துறைக்கு மனு எழுதலாம்.

12 மணி ஷிஃப்ட், வாரம் ஆறு நாள். பழகிவிட்டது. உடம்புக்கு ஏதும் ஆகுமா?

72 மணி நேரம்! வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35–40 மணி உழைப்பவர்களைவிட பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சொல்லின. தொழிற்சாலையில் வாரம் 48 மணி தாண்டினால் இரட்டிப்புக் கூலி. சம்பளச் சீட்டில் அது இருக்கிறதா, முதலில் பாருங்கள்.

புதுச்சேரி, புது டீம் லீடர்: மேலே வாங்குகிற திட்டைக் கீழே இறக்காமல் இருக்க முடியவில்லை சார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஒப்புக்கொண்டீர்களே, அதற்கே பாராட்டு. திட்டு வாங்கியவுடன் உங்கள் ஆட்களிடம் போகாதீர்கள். ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள். மேலிடம் இன்னொரு அவசர வேலை தரும்போது "செய்றோம் சார், கையில இருக்கிற மூணுல எதைத் தள்ளி வைக்கட்டும்?" என்று கேட்கப் பழகுங்கள். யாரையாவது கண்டிக்க வேண்டுமென்றால் தனியாக. குரூப்பில் பேரைப் போட்டுக் கேட்பது கண்டிப்பு இல்லை, அவமானம்.

பர்ன் அவுட் என்பது நோயா?

இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அதை வேலை சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியது: சோர்வு, வேலைமேல் வெறுப்பு, திறமை குறைந்ததாக உணர்வது. ஆனால் வாரக்கணக்கில் எதிலுமே பிடிப்பில்லை, தூக்கமில்லை என்றால் தள்ளிப் போடாமல் டாக்டரைப் பாருங்கள். 14416-க்கு அழைத்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

எங்கள் கம்பெனியில் மன அழுத்தம் குறைய யோகா வகுப்பு வைத்திருக்கிறார்கள். போதுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையிலா? வராதவர்கள் பேரை எழுதிக்கொள்கிறார்களா? அப்படியென்றால் அது ஏழாவது நாள் ஷிஃப்ட்.