கோச்சிங்கா, கவுன்சலிங்கா: முதலில் எங்கே போவது?

கேள்வி: கேரளத்தில் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அதிலிருந்து மீட்டிங்கில் வாயே திறக்க முடியவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்புத் தட்டினால் அப்புறம் தூக்கமில்லை. லைஃப் கோச் ஒருவரிடம் ஆறு மாதப் பேக்கேஜில் சேரச் சொல்கிறார் நண்பர். மனைவியோ கவுன்சலிங் போகலாம் என்கிறார். எது சரி?

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. கோச்சிங்கே வேண்டாம் என்றில்லை, இப்போது வேண்டாம்.

‘மீட்டிங்கில் பேச்சு வரவில்லை’ என்று ஒரு கோச்சிடம் சொன்னால், “அடுத்த மீட்டிங் எப்போது? அதில் எதைச் சொல்லியே ஆகணும்? அதற்கு இந்த வாரம் என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்பார். அடுத்த வாரம், செய்தீர்களா என்றும் விசாரிப்பார். நன்றாகத் தூங்கி எழுந்து, வேலையில் ஒரு படி மேலே போக நினைப்பவருக்கு இது நல்ல பலன் தரும். கவுன்சலரிடம் அதையே சொன்னால், “எப்போதிருந்து இப்படி?” என்பார். அப்பா பேச்சு அங்கேதான் வரும். அவர் போன நாள், அவரிடம் சொல்லாமல் விட்டது, மூன்று மணிக்கு மனதில் ஓடுவது என எல்லாவற்றையும் அவசரப்படுத்தாமல் கேட்பார். உங்களுக்கு இப்போது தேவை இதுதான். தூக்கம் கெட்டிருக்கும்போது இலக்கு வைத்து ஓடினால், அது கைகூடாத அன்று குற்ற உணர்ச்சிதான் கூடும்.

கோச் என்று போர்டு மாட்ட நம் நாட்டில் லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. 1995இல் தொடங்கிய இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் (ஐ.சி.எஃப்.) போன்ற சர்வதேச அமைப்புகள் சான்றிதழ் தருகின்றன, ஆனால் சட்டப்படி அது கட்டாயமில்லை. நல்ல கோச் உங்கள் தூக்கத்தைப் பற்றிக் கேட்டதுமே கவுன்சலரிடம் அனுப்பிவிடுவார். “டிப்ரஷனையும் நானே சரிசெய்கிறேன்” என்பவரிடம் பணம் கட்டாதீர்கள். கவுன்சலரிடமும் என்ன படித்தார் என்று கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும்.

மொழியையும் பாருங்கள். கம்பெனி விஷயம் மலையாளத்தில் சரளமாக ஓடலாம். அப்பாவைப் பற்றிப் பேச உங்களுக்குத் தமிழ்தான் வரும். பாலக்காட்டில் தமிழ் பேசும் கவுன்சலர் அமையாவிட்டால் வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்கு வரலாம். அதுவரை காத்திருக்காமல் இன்றே 14416க்குப் பேசுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு. தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். ‘இருந்து என்ன பயன்’ என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் அன்றே அழையுங்கள், மனநல மருத்துவரையும் தாமதிக்காமல் பாருங்கள்.

தூக்கம் திரும்பிய பிறகும் மீட்டிங் தயக்கம் மட்டும் மிச்சமிருந்தால் அப்போது கோச்சிடம் போகலாம். ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டாமல், ஒரு தடவை பேசிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.