எலுமிச்சம்பழத்தோடு கல் கடைக்குப் போங்கள்

சமையல் மேடை பற்றிப் போன மாதம் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னேன். அதிலிருந்து வருகிற கடிதங்களில் பாதி கல்லைப் பற்றித்தான். பெயர்களை எடுத்துவிட்டு, சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி (திருச்சி): மேடைக்கு ஜெட் பிளாக் கிரானைட் என்று சொல்லித் தந்தார்கள். ஆறு மாதம்தான் ஆகிறது. துடைக்கிற துணியில் கருப்பு ஒட்டுகிறது, அடுப்புப் பக்கம் சாம்பல் நிறமாகிவிட்டது. "நீங்கள் தேய்த்துத் தேய்த்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்கிறார் கடைக்காரர். கணவரின் ஓய்வுக்காலப் பணத்தில் கட்டிய வீடு, மேடம்.

பதில்: நீங்கள் எதையும் கெடுக்கவில்லை அம்மா. துடைக்கிற துணிக்கு நிறம் விடுகிற கிரானைட் உலகத்தில் கிடையாது. சாம்பல் நிறக் கல்லில் கருப்புச் சாயமும் எண்ணெயும் ஏற்றி உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனை வெள்ளைத் துணியில் நனைத்து, அடுப்புக்குத் தள்ளி ஒரு மூலையில் தேயுங்கள். துணி கருப்பானால் அது சாயம். நல்ல கருப்புக் கல்லில் துணி வெள்ளையாகவே இருக்கும். தேய்ப்பதை வீட்டில் யாரையாவது விட்டு வீடியோ எடுத்து வையுங்கள்.

அப்புறம் கடைக்கு ஒரு பதிவுத் தபால், பில் நகலோடு. பதினைந்து நாள் பாருங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண், அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம் வரை காலம் இருக்கிறது. ஆனால் அத்தனை நாள் ஆறப்போடாதீர்கள். பில்லில் "ஜெட் பிளாக் கிரானைட்" என்று எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி (சேலம்): எங்கள் பில்லில் "கல் - 1 லோடு" என்று மட்டும் இருக்கிறது. இது செல்லுமா?

பதில்: பில் செல்லும். எந்தக் கல் என்று எப்படி நிரூபிப்பீர்கள்?

கேள்வி (கோவை): இத்தாலியன் மார்பிள் டைனிங் டேபிளில் எலுமிச்சை ஜூஸ் டம்ளர் வைத்த இடத்தில் வட்டமாக மங்கிவிட்டது. எந்தத் திரவம் போட்டால் கறை போகும்?

பதில்: எந்தத் திரவம் போட்டாலும் போகாது. அது கறை இல்லை, கல் அரிக்கப்பட்ட இடம். மார்பிள் அடிப்படையில் சுண்ணாம்பு. எலுமிச்சை, புளி, தயிர், ரசம் எல்லாமே அதன் பாலிஷைத் தின்னும். பாலிஷ் போடுகிறவரைக் கூப்பிட்டு அந்த இடத்தை மறுபடி தேய்க்கச் சொல்லுங்கள். "சீலர் அடித்திருக்கிறோமே" என்று எழுதியிருக்கிறீர்கள். சீலர் எண்ணெயும் தண்ணீரும் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். புளிப்பு மேலேயே வேலையைக் காட்டிவிடும்.

கேள்வி (ஈரோடு): கடப்பா கல் மலிவாக இருக்கிறது. கருப்பாகவும் இருக்கிறது. மேடைக்கே அதைப் போட்டால் என்ன?

பதில்: நான் போட்டேன். 1998-ல். "கிரானைட் மாதிரியேதான் இருக்கும், பாதி விலை" என்றார் கடைக்காரர். மாதிரியே இருந்தது, முதல் புளிக்குழம்பு வரைக்கும். கடப்பா கல்லும் சுண்ணாம்பு வகைதான், கருப்பாக இருப்பதால் நம் கண்ணுக்குக் கிரானைட் என்று படுகிறது. சொட்டு விழுந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. தேங்காய் எண்ணெய் தடவினால் கருப்பாகும், நாலு நாளில் மறுபடி வெளுக்கும். பதினோரு வருடம் எண்ணெய் தடவினேன். தலைக்குக்கூட அவ்வளவு தடவியதில்லை.

அலமாரித் தட்டுக்குக் கடப்பாவை மிஞ்ச ஆள் இல்லை, அங்கே தாராளமாகப் போடுங்கள். மேடைக்குக் கிரானைட். சந்தேகம் இருந்தால் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மாதிரித் துண்டில் நாலு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். துடைத்த இடம் மங்கினால் அது சுண்ணாம்பு ஜாதி. சொட்டு விட வேண்டாம் என்று தடுக்கிற கடையில் டீ கொடுத்தால் குடித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி (சென்னை): வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்கள். பிடித்திருந்தது, 80,000 அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன். வந்த கல்லில் வேறு நிறம், நடுவில் நரம்பு வேறு. ஏமாற்றிவிட்டார்கள்தானே?

பதில்: தம்பி, 200 ரூபாய் செருப்பைக் காலில் போட்டுப் பார்த்துத்தானே வாங்குவீர்கள்? கல் மலையிலிருந்து வருவது. ஒரே குவாரியில் பத்தடி தள்ளி வெட்டினால் நிறம் மாறும். நேரில் போய், ஸ்லாப் ஸ்லாபாகப் பார்த்து, தண்ணீர் தெளித்து (காயும்போது விரிசல் இருந்தால் கோடாகத் தெரியும்), பின்பக்கம் வலை (உடையக்கூடிய கல்லைத் தாங்க ஒட்டுவது) ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, பிடித்த ஸ்லாபின் ஓரத்தில் உங்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டு வர வேண்டும். இன்னும் வெட்டவில்லை என்றால் இன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். கட்டிங் மெஷின் பட்ட பிறகு உங்களுக்காகப் பேச யாருக்கும் ஒன்றும் இருக்காது, எனக்கும்தான்.

கேள்வி (தஞ்சாவூர்): கிரானைட்டில் கதிர்வீச்சு வருகிறது, புற்றுநோய் வரும் என்று ஒரு செய்தி சுற்றுகிறதே?

பதில்: மிக நுண்ணிய அளவில் இருக்கிறது, ஒரு சமையல் மேடையிலிருந்து வருவதற்குப் பயப்படத் தேவையில்லை. உங்கள் பெரிய கோயிலே கருங்கல்தான், அதாவது கிரானைட்.

கேள்வி (மதுரை): தரை வேலை முடிந்து வீட்டை ஒப்படைக்கும் முன் ஆசிட் வாஷ் செய்தார்கள். அன்றைக்குப் பளபளவென்று இருந்தது. ஒரு மாதத்தில் வெள்ளைக் கிரானைட் முழுக்க மஞ்சள் திட்டு. கோட்டா கல் போட்ட வராண்டா சொரசொரவென்று ஆகிவிட்டது. ஏன்?

பதில்: இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். சிமெண்ட் கறை போக வேண்டும் என்று நம் ஊரில் எல்லாத் தரையிலும் ஊற்றுவது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். கோட்டா, மார்பிள், கடப்பா, தாண்டூர் என்று சுண்ணாம்பு ஜாதிக் கல் எதில் ஊற்றினாலும் நுரை பொங்கும். "பாருங்க, அழுக்கு எப்படிப் பொங்குது!" என்பார் ஊற்றுகிறவர். அங்கே அழுக்கு பொங்கவில்லை ஐயா, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கல் கரைந்து வாயுவாகப் போகிறது. பாலிஷ் போய்விடும், சொரசொரப்பில் அழுக்கு சீக்கிரம் ஏறும், அதைப் போக்க அடுத்த வருடம் மறுபடி ஆசிட். கிரானைட் கரையாது, உண்மை. ஆனால் வெள்ளைக் கிரானைட்டுக்குள் இரும்பு கலந்த துணுக்குகள் இருக்கும். ஆசிட் பட்டால் அவை துருப்பிடிக்கும். உங்கள் வீட்டு மஞ்சள் அந்தத் துருதான். வெறும் ஆவி பட்டே குழாயும் ஜன்னல் கம்பியும் கருத்துப்போகும். மூச்சில் ஏற்றிக்கொள்கிற தொழிலாளி முகத்தில் ஒரு துண்டைக் கட்டியிருப்பார், அதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

செய்ய வேண்டியது சின்ன வேலை. கல் பதித்த அன்றே, சிமெண்ட் ஈரமாக இருக்கும்போது, ஈரச் சாக்கால் துடைக்க வேண்டும். சோம்பேறித்தனத்துக்குத்தான் நாம் ஆசிட் விலை கொடுக்கிறோம். காய்ந்ததைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டலாம். பெயின்ட் வேலை முடிகிற வரை தரையை மூடி வைக்கலாம். மேஸ்திரியோடு பேசும்போதே "ஆசிட் கிடையாது" என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தினசரித் துடைப்புக்குத் தண்ணீரும், புளிப்பும் காரமும் இல்லாத சோப்பு சில சொட்டும் போதும். யூடியூபில் வினிகர் ஊற்றச் சொல்கிறவரை நம்பாதீர்கள். வெள்ளிக்கிழமை உப்புத் தண்ணீரில் துடைப்பது வழக்கம் என்றால் பின்னாலேயே நல்ல தண்ணீரில் ஒரு தடவை துடைத்துவிடுங்கள். உப்பு, கல்லின் துளைக்குள் இறங்கிப் படிகமானால் மேல்பரப்பைப் பெயர்க்கும்.

உங்கள் வராண்டாவை மறுபடி பாலிஷ் போட்டு மீட்கலாம். மஞ்சள் முழுக்கப் போகும் என்று வாக்குத் தர மாட்டேன். போக்கித் தருகிறேன் என்று இன்னொரு ஆசிட் பாட்டிலோடு வருகிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

கேள்வி (கிருஷ்ணகிரி): 40 ஸ்லாப் வாங்கினோம். 1,000 சதுர அடிக்குப் பணம் கட்டினோம். தரையில் போட்டபோது 60 அடி குறைந்தது. சேதாரம் என்கிறார்கள்.

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். பில்லில் ஒரு ஸ்லாப் 10 அடிக்கு இரண்டரை அடி, அதாவது 25 சதுர அடி. ஓரம் கோணல்மாணலாக இருக்கிற ஸ்லாபை அகலமான இடத்தில் டேப் வைத்து அளந்திருப்பார்கள். நேராக அறுத்தால் 9 அடி 9 அங்குலத்துக்கு 2 அடி 5 அங்குலம்தான் தேறும். ஒரு ஸ்லாபில் ஏறத்தாழ ஒன்றரை சதுர அடி போச்சு. நாற்பதுக்கு 57.5 அடி. சதுர அடி 180 ரூபாய் என்றால் 10,350 ரூபாய். இதற்குப் பெயர் சேதாரம் இல்லை. ஸ்லாப் வாரியாக அளவுப் பட்டியல் கேளுங்கள். தரவில்லை என்றால் எடையளவுத் துறையில் புகார் கொடுங்கள்.

மற்றவர்களுக்கு இன்னொன்று. 20 மி.மீ. கனமுள்ள கிரானைட் சதுர அடிக்குச் சுமார் 5 கிலோ இருக்கும், கருப்புக் கல் இன்னும் கொஞ்சம் கூடுதல். 1,000 அடி லோடை எடை மேடையில் ஏற்றினால் 5 டன் காட்ட வேண்டும். 4 டன் காட்டினால் உங்களுக்கு வந்திருப்பது 16 மி.மீ. கல்.

கேள்வி (நாகர்கோவில்): பாத்ரூம் தரைக்குப் பளபள கிரானைட் போடலாமா? வீட்டில் வயதான மாமியார் இருக்கிறார்.

பதில்: போடாதீர்கள். சொரசொரப்பான ஃபினிஷ் கேளுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): பூஜை அறை வெள்ளை மார்பிளில் விளக்கெண்ணெய் இறங்கி மஞ்சளாகிவிட்டது.

பதில்: என் வீட்டிலும் இதே கதை. மக்ரானா என்று சொல்லி வாங்கினேன். தாஜ்மகால் கட்டிய கல் என்று கடைக்காரர் ஒரு பிரசங்கமே செய்தார், நானும் விலை பேசாமல் கொடுத்தேன். தண்ணீர் ஒரு சொட்டு விட்டதும் உறிஞ்சியது. நல்ல மக்ரானா அவ்வளவு சீக்கிரம் உறிஞ்சாது; அந்தச் சொட்டைக் கடையிலேயே விட்டுப் பார்த்திருக்க வேண்டும். பெயரை நம்பினால் இப்படித்தான். காஷ்மீர் ஒயிட் கிரானைட்டே நம் மதுரைப் பக்கத்துக் கல்தான்.

சரி, வைத்தியம் இதுதான். சாக்குக்கட்டித் தூளை அசிட்டோனில் குழைத்து இட்லி மாவுப் பதத்தில் கறை மேல் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரத்தை டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அப்புறம் தாளை எடுத்துக் காயவிட்டால் தூள் எண்ணெயை இழுத்திருக்கும். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டிவரும். விளக்கை முன்பே வெளியே எடுத்துவிடுங்கள், அசிட்டோன் குப்பென்று பற்றும். கறை போனதும் சீலர் அடித்து, விளக்குக்கு அடியில் ஒரு பித்தளைத் தட்டு வையுங்கள்.

கேள்வி (காரைக்குடி): தாத்தா வீட்டை இடிக்கிறோம். பழைய கருங்கல் படிகளையும் தூண்களையும் கான்ட்ராக்டர் இலவசமாகவே அள்ளிக்கொள்கிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: ஏன் இலவசமாக அள்ளுகிறார் என்று யோசித்தீர்களா? பழைய கருங்கல் படிக்கு நல்ல விலை இருக்கிறது. புது வீட்டு வாசலுக்கு அதையே போடுங்கள். இரண்டு படி மிஞ்சினால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், தோட்டத்துக்கு வேண்டும். காசு கொடுத்துத்தான் வாங்குவேன், பில் வேண்டும்.