ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுக்க முன்

கேள்வி: மட்டக்களப்பு நகரில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். வீடு களுவாஞ்சிகுடியில். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் இரவு ஏழு மணிக்கு முன் விடமாட்டார்கள். சனிக்கிழமையும் அப்படித்தான். வீட்டுக்கு வந்தாலும் ‘இன்றைய கலெக்ஷன் எவ்வளவு’ என்று வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். நித்திரை இல்லை, பிள்ளையோடு எரிந்து விழுகிறேன். முகாமையாளரிடம் சொன்னால், ‘ஏலாவிட்டால் எழுதித் தந்துவிட்டுப் போங்க’ என்கிறார். போய்விடவா?

பதில்: தங்கச்சி, அந்தக் கடிதத்தை மட்டும் இப்போது எழுதிக் கொடுக்காதீர்கள். வற்புறுத்தி வாங்கிய ராஜினாமா வேலைநீக்கத்துக்குச் சமம் என்று, வேலைப் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் வாதாடலாம்தான். ஆனால் வற்புறுத்தினார்கள் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அறைக்குள் வாயால் சொன்னதற்கு யார் சாட்சி?

உங்கள் வேலைக்குப் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம். சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் 12 மணித்தியாலம் வரைதான் மேலதிக நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தாலும் நீங்கள் கிழமைக்கு 60 மணித்தியாலம் வேலை செய்கிறீர்கள். சட்டத்தின் உச்சமே 57தான். கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு விடுமுறையும் தர வேண்டும், அதுவும் உங்களுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. மேலதிக நேரத்துக்குக் கொடுப்பனவு ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளம் 60,000 ரூபா என்றால் அதை 240ஆல் (30 நாள், நாளுக்கு 8 மணித்தியாலம்) பிரிக்க மணித்தியாலத்துக்கு 250, ஒன்றரை மடங்கு 375. கிழமைக்கு 15 மணித்தியாலத்துக்கு 5,625 ரூபா.

நியமனக் கடிதத்தில் ‘எக்ஸிகியூட்டிவ்’ என்று போட்டிருந்தால், மேலதிகக் கொடுப்பனவு இல்லை என்பார்கள். பெயரைப் பார்த்து மனம் விடாதீர்கள். ஆட்களை நிர்வகிக்கிறீர்களா, தவணைப் பணம் சேர்க்க மட்டும் போகிறீர்களா என்பதையும் பார்க்க வேண்டும். கடிதத்தின் பிரதியோடு வந்தால் வாசித்துச் சொல்லலாம்.

சரி, இன்றிலிருந்து ஒரு கொப்பியில் வந்த நேரம், போன நேரம் எழுதுங்கள். இரவுச் செய்திகளை நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள். அப்புறம் தலைமை அலுவலக மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலில் முறையிடுங்கள், கோபமில்லாமல். பதில் வராவிட்டால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். அதற்குச் சட்டத்தரணி தேவையில்லை, கட்டணமும் இல்லை.

நித்திரை இல்லாததைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். போதனா வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குப் போங்கள், 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். வைத்தியர் எழுதித் தரும் சான்றிதழ் பிறகு வழக்குக்கும் உதவும்.

இவ்வளவுக்கும் பிறகு விலகத்தான் வேண்டும் என்றால், தாராளமாக விலகலாம். நிறுவனத்தில் 15 பேராவது வேலை செய்தால், ஐந்து வருடம் முடித்த உங்களுக்குப் பணிக்கொடை உண்டு: வருடத்துக்கு அரைமாதச் சம்பளம், உங்கள் கணக்கில் மூன்று மாதச் சம்பளம். அவர்களாக நீக்கினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடிதத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதச் சொல்வார்கள். உண்மையான காரணத்தை எழுதி, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கிக்கொண்டு வாருங்கள்.