மகன் வருவானா என்பது தேவனுக்கு முன்பே தெரியும் என்றால் நான் ஏன் ஜெபிக்க வேண்டும்?

கேள்வி: என் மகன் வேலைக்குப் போனதிலிருந்து சபைக்கு வருவதில்லை. தனக்கு விசுவாசமே இல்லை என்கிறான். வேதபாடக் கூட்டத்தில் ஒரு சகோதரர், “தேவன் அவனைத் தெரிந்துகொண்டிருந்தால் அவனே வருவான், இல்லையென்றால் நீங்கள் அழுது பயனில்லை, எல்லாம் அவருக்கு முன்பே தெரியும்” என்றார். அன்றிலிருந்து ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. நான் ஜெபிப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, சகோதரி. ஜெபத்தை நிறுத்தாதீர்கள். வார்த்தை வராவிட்டால் வராமலே உட்காருங்கள். ஏற்றபடி வேண்டிக்கொள்ளத் தெரியாதபோது ஆவியானவரே நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. தேவன் முன்னறிந்தவர்களை முன்குறித்தார் என்ற வசனம் அதே அதிகாரத்தில் மூன்று வசனம் தள்ளித்தான் வருகிறது. பவுலுக்கு இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை.

அந்தச் சகோதரர் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கலந்துவிட்டார். தேவனுக்கு முன்பே தெரியும் என்பது ஒன்று. யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவனே முன்குறித்துவிட்டார், அதாவது முன்பே தீர்மானித்துவிட்டார் என்பது இன்னொன்று.

முதல் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். 2ஆம் நூற்றாண்டில் கெல்சஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதி கிறிஸ்தவர்களை மடக்கப் பார்த்தார். சீஷன் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு முன்பே சொன்னார், கடவுள் சொன்னால் அது நடந்தே தீர வேண்டும், அப்படியானால் கூட உட்கார்ந்து சாப்பிட்டவனை அவரேதான் துரோகி ஆக்கினார் என்பது அவர் வாதம். 3ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் இதற்குப் பதில் எழுதினார். முன்பே சொன்னதால் அது நடக்கவில்லை, நடக்கப்போவதாக இருந்ததால்தான் முன்பே சொல்ல முடிந்தது என்றார். 6ஆம் நூற்றாண்டில், மரண தண்டனையை எதிர்பார்த்துச் சிறையில் இருந்த ரோமத் தத்துவவாதி போயத்தியஸ் இன்னொரு படி போனார். தேவன் காலத்துக்குள் நின்றுகொண்டு நாளையை எட்டிப் பார்ப்பதில்லை, எல்லாக் காலமும் அவர் கண்முன் ஒரே நேரத்தில் இருக்கிறது என்றார். ஒருவன் நடந்து போவதை நான் பார்ப்பதால் அவன் நடந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் வந்துவிடுவதில்லை அல்லவா?

எனக்கு இதில் முழுத் திருப்தி கிடையாது. சேவல் கூவுமுன் மறுதலிப்பாய் என்று பேதுருவிடம் ஒரு குறிப்பிட்ட இரவில் சொல்லியாயிற்று. சொன்ன பிறகு பேதுரு வேறு மாதிரி நடந்திருக்க முடியுமா? தத்துவ வகுப்பில் இதை எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம். ஜெபிக்கிறவர்களுக்கு அதைவிட உதவுவது 1 சாமுவேல் 23ஆம் அதிகாரம் என்பேன்.

தாவீது பெலிஸ்தரிடமிருந்து கேகிலா ஊரைக் காப்பாற்றுகிறான். சவுல் படையோடு வரப்போவதாகக் கேள்விப்பட்டு, தேவனிடம் இரண்டு கேள்வி கேட்கிறான். சவுல் வருவானா? வருவான். ஊரார் என்னை அவன் கையில் ஒப்புக்கொடுப்பார்களா? ஒப்புக்கொடுப்பார்கள். உடனே தாவீதும் அவனோடிருந்த சுமார் 600 பேரும் அங்கிருந்து கிளம்பிவிடுகிறார்கள். சவுலும் வருவதை விட்டுவிடுகிறான். தேவன் சொன்ன இரண்டுமே நடக்கவில்லை! அவர் அறிந்திருந்தது, தாவீது அங்கேயே தங்கினால் என்ன ஆகும் என்பதை. ஸ்பெயின் நாட்டு இயேசு சபைக் குரு லூயிஸ் டி மோலினா 1588இல் வெளியிட்ட நூலில் முன்வைத்த கருத்து இந்த வகையானதுதான். ஒவ்வொரு மனிதனும் எந்தச் சூழ்நிலையில் தன் விருப்பப்படி என்ன செய்வான் என்பதும் தேவனுக்குத் தெரியும் என்றார் அவர். அப்படியானால் அந்த அறிவில் உங்கள் ஜெபமும் அடக்கம். நீங்கள் ஜெபித்தால் என்ன, ஜெபிக்காவிட்டால் என்ன என்று ஆகிவிடாது. அவருக்கு முன்பே 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவைனாஸ், தேவனின் ஏற்பாட்டை மாற்றுவதற்காக நாம் ஜெபிக்கவில்லை, ஜெபத்தின் வழியாகத் தர அவர் ஏற்பாடு செய்திருப்பதைப் பெறவே ஜெபிக்கிறோம் என்று எழுதியிருக்கிறார்.

இனி இரண்டாவது விஷயம். சபைகளுக்குள் உண்மையான சண்டை இங்கேதான். விழுந்துபோன மனிதன் தானாகத் தேவனிடம் திரும்ப முடியாது, கிருபைதான் முதலில் வர வேண்டும் என்பதில் ஆதிச் சபையின் பிஷப் அகஸ்டின், அக்குவைனாஸ், சீர்திருத்தவாதி கால்வின், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி எல்லாரும் ஒன்று. அந்தக் கிருபையை மனிதன் தள்ளிவிட முடியுமா என்பதில்தான் பிரிகிறார்கள். முடியும் என்றார்கள் டச்சு இறையியலாளர் ஆர்மினியஸின் சீடர்கள். 1618-19இல் நெதர்லாந்தில் கூடிய டோர்ட் சங்கம் என்ற கால்வின் வழிச் சபைகளின் மாநாடு அதை மறுத்தது. வெஸ்லி பின்னர் ஆர்மினியஸ் பக்கம் நின்றார். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கரும், வெஸ்லி வழி மெதடிஸ்டுகளும், கால்வின் வழி வந்த பிரஸ்பிடேரியன்களும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். அதனால் ஒரே சபையில் ஒரு ஞாயிறு ஒரு மாதிரியும் அடுத்த ஞாயிறு வேறு மாதிரியும் கேட்க நேர்ந்தால் குழம்ப வேண்டாம்.

ஆனால் அந்தச் சகோதரர் சொன்னதைக் கால்வினே ஒப்புக்கொள்ள மாட்டார். முன்குறிக்கப்பட்டவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது, ஆகவே எல்லாரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்றே நாம் விரும்ப வேண்டும் என்று அகஸ்டினை மேற்கோள் காட்டி எழுதியவர் அவர். 1793இல் வங்காளத்துக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரியும் முன்குறித்தலை நம்பியவர்தான். அழுது பயனில்லை என்று அவர் ஊரில் உட்கார்ந்துவிடவில்லை.

அகஸ்டினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இளவயதில் அவர், நன்மை, தீமை என்ற இரண்டு எதிரெதிர் சக்திகளை நம்பிய மனிகேயர் என்ற பிரிவினரோடு சேர்ந்துகொண்டார். தாய் மோனிக்கா வருடக்கணக்காக அழுது ஜெபித்தார். 383இல் மகன் ரோமுக்குக் கப்பல் ஏறிவிடக் கூடாது என்று ஜெபித்தார். மகன் ஏமாற்றிவிட்டுப் போனான். அங்கிருந்து மிலானுக்குப் போய், 387இல் அங்கேயே ஞானஸ்நானம் பெற்றான். முன்குறித்தலைப் பற்றி அவரைவிட அழுத்தமாக எழுதியவர்கள் குறைவு. ஆனால் முதுமையில் அந்தப் பொருளில் எழுதிய நூலிலேயே, தாயின் அன்றாடக் கண்ணீரின் பொருட்டே தான் அழிந்துபோகாதபடி அருளப்பட்டது என்று நினைவுகூருகிறார்.

மோனிக்கா ஒரு பிஷப்பிடம் போய், என் மகனிடம் பேசி வாதாடுங்கள் என்று கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். இப்போது விட்டுவிடுங்கள், அவனுக்காக ஜெபம் மட்டும் செய்யுங்கள், படித்துப் படித்து அவனே கண்டுகொள்வான் என்றார். உங்களுக்கும் அதையே சொல்வேன். மகன் வீட்டுக்கு வரும்போது சபைப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். நீ தெரிந்துகொள்ளப்பட்டவன் இல்லையோ என்று கோபத்தில்கூடச் சொல்லிவிடாதீர்கள். அவனாகவே கேட்டால், எந்த இடத்தில் நம்பிக்கை விட்டுப்போனது என்று முழுதாகச் சொல்ல விடுங்கள். பதில் தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். உங்கள் போதகர் பொறுமையானவர் என்றால், மகன் சம்மதித்தால் மட்டும், அவரை ஒரு நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள்.