சனிக்கிழமைப் பின்னேரங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 33 வயது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிராமம். கணவர் ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய் நாலு வருடம். மகளுக்கு ஒன்பது வயது. அவளுடைய வகுப்புச் சிநேகிதிக்குத் தாய் இல்லை, தகப்பன்தான் வளர்க்கிறார். சனிக்கிழமைப் பின்னேரம் மகளை அங்கே விளையாடக் கூட்டிப் போவேன். பிள்ளைகள் மாமரத்தடியில் கொக்கான் வெட்டுவார்கள். அவருடைய தாய் பிளேன்ரீ தருவா. நாங்கள் கொஞ்ச நேரம் கதைத்துக்கொண்டிருப்போம். அவ்வளவுதான்.

அதற்கே சனம் கதைக்கிறது. "பிள்ளை விளையாடுறதுக்குத் தாய்க்கு எதுக்குப் புதுச் சீலை?" என்று மச்சாள் கேட்டா. அது புதுச் சீலையே இல்லை அக்கா, வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போன வருடம் எடுத்தது. மாமி முகம் கொடுத்துக் கதைத்து ஒரு மாதம். பிள்ளைக்காகத்தான் போகிறேன் என்று எத்தனை பேருக்குச் சொல்வது?

என் அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா 2009இல் காணாமல் போனவர். 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் போனவர்களின் சொந்தங்கள் போராட்டம் தொடங்கியபோது அவருடைய படத்தோடு போய் இருந்தவ. அவ இன்னும் காத்திருக்க, நான் நாலு வருடத்தில்... அதை விடுவோம்.

மகளால் ஒரு கரைச்சலும் இல்லை. போன கிழமை அவளுடைய கையில் நகக்கீறல் கண்டேன். சிநேகிதியோடு சண்டையாம், முந்தியும் நடந்ததாம். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "சொன்னா நீங்கள் அங்க போகமாட்டீங்கள்தானே அம்மா" என்றாள். சரி, பிள்ளைகளின் சண்டை ஆறிவிடும். மச்சாள் சொன்னதுதான் ஆறவில்லை. போவதை நிறுத்தவா, சனத்துக்குப் பதில் சொல்லவா?

அன்புத் தங்கச்சி,

சீலைக் கதை ஒரு பக்கம் கிடக்கட்டும். நான் அந்த நகக்கீறலிலேயே நின்றுவிட்டேன்.

ஒன்பது வயதுப் பிள்ளை சண்டை பிடித்தால் அழுதுகொண்டு தாயிடம் ஓடிவரும். "இனி அவளோட கோபம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளே தோளில் கைபோட்டுக்கொண்டு திரியும். உங்கள் மகளால் அப்படிக் கோபம்கூடப் போட முடியவில்லை. தான் கோபித்தால் அம்மாவின் சனிக்கிழமை போய்விடும் என்று கீறலை மறைக்கிறாள்.

அவரில் உங்களுக்கு விருப்பம் வந்ததில் துளியும் பிழை இல்லை. அங்கே உங்கள் முகம் மலர்வதை மகள் கண்டிருக்கிறாள், அதைத்தான் காக்கப் பார்க்கிறாள். பிழை எதுவென்றால், அந்த விருப்பத்தை அவளுடைய விளையாட்டுக்குள் ஒளித்து வைத்தது. பிள்ளைக்காகப் போகிறேன் என்று ஊருக்குச் சொன்னதை நீங்களும் நம்பிவிட்டீர்கள். சுமக்கிறவள் அவள்.

உங்களுக்கும் இது பழகிய சுமைதான் என்று நினைக்கிறேன். அப்பா காணாமல் போன வீட்டில், அம்மா அழுதுவிடுவா என்று எத்தனையை விழுங்கியிருப்பீர்கள்! அம்மாவின் காத்திருப்பு வேறு. உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று அவவுக்கு இன்னும் பதில் வரவில்லை. நீங்கள் செத்தவீடு செய்து, அந்தியேட்டியும் முடித்தவர். இரண்டையும் ஒரு தராசில் வைத்து உங்களை நீங்களே குற்றவாளி ஆக்காதீர்கள்.

மகளைப் பக்கத்தில் இருத்தி, "நீ அவளோட கோபம் போட்டாலும் அம்மாவுக்கு ஒன்றும் குறையாது" என்று சொல்லுங்கள். அவள் விளையாடப் போக விரும்பினால் விட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள், அந்த அப்பம்மா இருக்கிறாதானே. அவரோடு கதைக்க இருந்தால், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம், உங்கள் பெயரிலேயே போய்க் கதையுங்கள். அவருக்கும் இந்த மனம் உண்டா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதைக் கேட்கப் பயந்துதான் பிள்ளையை முன்னால் நடக்க விட்டீர்களோ?

மச்சாளுக்குப் பதில் சொல்ல அவசரமில்லை. அடுத்த சண்டை வரும்போது மகள் தானாக வந்து சொல்கிறாளா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.