பால் கட்டி மார்பு சிவந்திருக்கு, பால் கொடுக்கலாமா?

தங்கச்சி, பிள்ளைக்கு ஐந்து கிழமை, இடப்பக்க மார்பு சிவந்து சுடுகிறது, நேற்றிலிருந்து காய்ச்சல், மாமி பாலை நிறுத்தச் சொல்கிறா என்று எழுதியிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம். இது பெரும்பாலும் பால் கட்டி வந்த அழற்சிதான், அந்தப் பால் பிள்ளைக்குக் கேடு செய்யாது, திடீரென நிறுத்தினால்தான் சீழ்க்கட்டி வரும் வாய்ப்புக் கூடும். அழுத்தித் தேய்க்காதீர்கள் (ஊரில் எல்லோரும் தேய்க்கத்தான் சொல்வார்கள்), குளிர் ஒத்தடம் பிடியுங்கள், பனடோல் எடுக்கலாம்.

நாளைக்கும் காய்ச்சல் விடாவிட்டால், அல்லது நடுக்கம் வந்தால் உடனேயே, யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடிய அன்டிபயோட்டிக் இருக்கிறது, தொடங்கினால் இடையில் விடக் கூடாது. உள்ளே சீழ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஸ்கானில்தான் தெரியும், சீழ் இருந்தாலும் அநேகமாக ஊசியாலேயே இழுத்து எடுத்துவிடுவார்கள், சிலவேளை இரண்டு மூன்று தரம் எடுக்க வேண்டி வரும்.

கான்சரோ என்று கேட்டிருந்தீர்கள். பால் கொடுக்கிற காலத்தில் அது அரிது. ஆனால் மருந்து முடித்த பிறகும் சிவப்பு மாறாமல், தோல் தோடம்பழத் தோல் மாதிரிக் குழி விழுந்தால், இன்னொரு அன்டிபயோட்டிக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள், சதைத் துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள்.