தோம்பு முதல் ஆறு வரை: பிள்ளைகளும் தண்ணீரும் (கேள்வி பதில்)

சுங்கை சிப்புட் தோட்டப்பக்கத்துப் பெற்றோரின் கேள்விகளுக்கு முதலுதவி கற்றுத்தரும் அக்கா பதில் சொல்கிறார்.

அக்கா, லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) அடிக்கடி தண்ணீர் நின்றுபோவதால் குளியலறைத் தோம்பில் (பெரிய தண்ணீர்ப் பீப்பாயில்) பிடித்து வைக்கிறோம். மகனுக்கு ஒன்றரை வயது. பலகை போட்டு மூடினால் போதுமா?

போதாதும்மா. பலகை நழுவும், பிள்ளை ஏறினால் பலகையோடு சேர்ந்து உள்ளே போவான். இறுகப் பூட்டும் மூடிதான் வேண்டும். தோம்புப் பக்கத்தில் ஸ்டூல் வைக்காதீர்கள். மூடி இருந்தால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவும் முட்டையிடாது, சுகாதார அதிகாரி வந்தாலும் பயமில்லை.

தோம்பைவிட எனக்குப் பயம் வாளிதான். இந்த வயதில் உடம்பில் தலைதான் கனம். உள்ளே கிடக்கும் கப்பை எடுக்கக் குனிந்தால் தலை முன்னால் போகும், கால் தரையை விட்டு எழும்பும், கை ஊன்ற இடமிருக்காது. 20 லிட்டர் வாளி பாதி நிறைந்திருந்தால் 10 கிலோ. பிள்ளையும் ஏறக்குறைய அவ்வளவுதான், அதனால் வாளி கவிழாது. மூக்கும் வாயும் முங்க 5 சென்டிமீட்டர் தண்ணீரே போதும். குளித்ததும் வாளியைக் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம், உங்கள் தோள் உயரத்தில் ஒரு கொக்கி போடுங்கள்.

விழுந்தால் சத்தம் கேட்குமே?

கேட்காது. மூச்சுக்கே காற்றில்லாதபோது கத்துவது எப்படி? ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கிவிடலாம். அடுப்பில் பால் பொங்குகிறது என்றால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போங்கள். எட்டு வயது அக்காவைக் காவல் வைப்பது காவல் ஆகாது.

லீவுக்குத் தாப்பா லாத்தா கிஞ்சாங் நீர்வீழ்ச்சிக்குப் போகிறோம். கையில் காற்றடைத்த வளையம் மாட்டினால் சரிதானே அக்கா?

சரியில்லை தம்பி, அது விளையாட்டுச் சாமான். கழன்றுவிடும், காற்றும் இறங்கிவிடும். உயிர்காப்பு ஜாக்கெட்டைப் போட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது. ஜாக்கெட் போட்டாலும் பிள்ளை உங்கள் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கவேண்டும்.

‘கெப்பாலா ஆயர்’, அதாவது மலையிலிருந்து ஆற்றில் திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம், தெரியும்தானே? இங்கே வெயில் அடிக்கும், மலைமேல் மழை கொட்டும். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலேயிருந்து இரைச்சல் கேட்டாலோ பையைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். ஈயக்குட்டைப் (பழைய ஈயச் சுரங்கக் குளம்) பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப்போகவே வேண்டாம். கரை சரியும், இரண்டே எட்டில் ஆழம்.

கால்வாயில் விழுந்த பிள்ளையைக் குதித்துத் தூக்கலாமா?

நீச்சல் தெரியாதவர் குதித்தால் இரண்டு உயிர் போகும். கரையில் படுத்துக்கொண்டு நீளக் கம்பை நீட்டுங்கள். செம்பனைக் குலை வெட்டும் கம்பு என்றால் கத்தி மாட்டாததாக இருக்கட்டும். எட்டவில்லையா? மூடியை இறுகத் திருகிய காலி எண்ணெய்க் கேனைக் கயிற்றில் கட்டி வீசுங்கள்.

தூக்கியபின் தலைகீழாகப் பிடித்துச் சுற்றினால் தண்ணீர் வெளியே வரும் என்கிறார் மாமியார்.

பெரியவர் மனம் நோகாமல் சொல்லிவிடுங்கள்: கூடாது. தலைகீழாகப் பிடித்தாலும் வயிற்றை அமுக்கினாலும் சோறும் தண்ணீரும் மேலேறி மூச்சுக்குழாயை அடைக்கும். உப்பில் புதைத்தால் பிழைக்கும் என்று வாட்சப்பில் சுற்றுவதும் சுத்தப் பொய்.

பிள்ளைக்கு வேண்டியது காற்று. பேச்சுமூச்சு இல்லையென்றால் 999-க்கு அடித்து, போனை ஸ்பீக்கரில் தரையில் வையுங்கள். மல்லாக்கப் போட்டு மோவாயை உயர்த்துங்கள். மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு எழும்புகிறதா என்று பாருங்கள். கைக்குழந்தைக்கு வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி ஊதவேண்டும். அப்போதும் அசைவில்லையென்றால் நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 30 அமுக்கு, பிறகு 2 ஊது. நெஞ்சின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கவேண்டும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒரு வயதுக்குள் என்றால் இரண்டு கட்டைவிரல், பெரிய பிள்ளைக்கு ஒரு உள்ளங்கை. நுரை வந்தால் அதைத் துடைப்பதற்காக நிறுத்தாமல், தொடர்ந்து ஊதுங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவேண்டாம்.

உடனே தூக்கிவிட்டோம், அழுதான், இப்போது விளையாடுகிறான். ஆஸ்பத்திரி தேவையா அக்கா?

மூச்சு நின்றிருந்தாலோ, மயங்கியிருந்தாலோ கட்டாயம் போகவேண்டும். இல்லாவிட்டாலும் எட்டு மணி நேரம் கண்ணிலேயே வைத்திருங்கள். விடாத இருமல், வேகமான மூச்சு, மூச்சிழுக்கையில் விலா இடுக்கு உள்வாங்குதல், அசாதாரணத் தூக்கம், உதடு நீலம்: இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.